நோன்பிருக்கும் வீட்டில் விருந்தாளியாக

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகளைக் கண்டுவரப் பெற்றோர் விமானம் ஏறுவது நம் பங்குகளில் இன்று புதுமையான செய்தி அன்று. துபாய், மஸ்கட், தோகா, குவைத் என்னும் பெயர்கள் நம் பாட்டிமாரின் வாயில் அடுத்த தெருப் பெயர்களைப் போலப் பழகிவிட்டன. மகளின் பேறுகாலம், பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம், அல்லது வெறும் ஆசை: ஏதேனும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பயணம் முடிவானவுடன் பெட்டியில் எதை எதை அடுக்குவது என்னும் ஆலோசனை தொடங்குகிறது. முறுக்கும் அதிரசமும் ஊறுகாயும் தராசில் ஏறி இறங்குகின்றன. ஆனால் போகின்ற நாட்டில் அப்போது நடப்பது எந்த மாதம் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

பார்க்கவேண்டிய காரணம் உண்டு. அந்நாடுகளின் கோடை நம்மவருக்கும் தாங்காது. ஆகவே வெயில் தணிந்திருக்கும் நவம்பர் முதல் மார்ச்சு வரையிலான மாதங்களையே பெற்றோர் தேர்ந்துகொள்கின்றனர். இஸ்லாமிய ஆண்டோ சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவது. அதற்கு 354 அல்லது 355 நாட்களே. ஆதலால் ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்து பதினோரு நாட்கள் முன்னதாக வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றி முடிக்கிறது. 2017-இல் சூன் மாதக் கொடும் வெயிலில் நோற்கப்பட்ட நோன்பு, 2025-இல் மார்ச்சு முதல் நாளிலேயே தொடங்கிற்று. 2030-இல் சனவரியில் ஒரு முறையும், அதே ஆண்டு டிசம்பரில் மறு முறையும் ரமலான் பிறக்கும் என்பது வானநூற் கணிப்பு. நம் பெற்றோர் பயணம் போகும் பருவமும் அந்நாட்டார் நோன்பு நோற்கும் பருவமும் ஒன்றோடொன்று கலந்துவிட்ட காலம் இது.

நோன்பு என்றால் என்ன என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். வைகறையின் முதல் வெளிச்சம் தொடங்கிக் கதிரவன் மறையும் வரை உணவில்லை, ஒரு மிடறு தண்ணீரும் இல்லை, புகைத்தலும் இல்லை. துபாயில் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம். பொய்யும் புறங்கூறலும் சினமும் நோன்பின் பயனையே கெடுத்துவிடும் என்பது அவர்களுடைய போதனை. விடியுமுன் உண்பதற்குச் சஹர் என்றும், மாலையில் நோன்பு திறப்பதற்கு இஃப்தார் என்றும் பெயர். இரவில் தராவீஹ் என்னும் நீண்ட தொழுகை உண்டு. திருக்குர்ஆன் முகமது நபிக்கு அருளப்படத் தொடங்கியது இம்மாதத்தில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆதலின் மாதம் முழுவதும் அதனை ஓதி முடிப்பது பலருக்கு வழக்கம்.

சட்டம் கேட்பது

முதலில் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். விருந்தாளியாயினும் ஒரு நாட்டின் எல்லையைக் கடந்தவுடன் அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவர் ஆகிறோம்.

குவைத்தில் 1968-ஆம் ஆண்டின் 44-ஆம் எண் சட்டப்படி, ரமலான் பகலில் பொது இடத்தில் உண்பவருக்கு 100 தினார் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓமான் நாட்டின் 2018-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதற்கு 10 நாட்கள் முதல் 3 மாதங்கள் வரை சிறை என்கிறது. கத்தாரில் 3 மாதங்கள் வரை சிறையும் 3,000 ரியால் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. ‘நான் வேற்று மதத்தினன், எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிவிடலாம் என எவரும் நம்பியிருக்க வேண்டாம்.

துபாயின் போக்குச் சற்று வேறு. அங்கே உணவகங்கள் பகலில் திரையிட்டு மறைக்கவேண்டும் என்றிருந்த விதி 2021-இல் தளர்த்தப்பட்டது. பகலில் திறந்திருக்கும் உணவகங்கள் அங்கே பல. ஆயினும் உணவகத்தினுள் அமர்ந்து உண்பது வேறு, தெருவில் தின்றுகொண்டே நடப்பது வேறு. மகன் துபாயிலும் மகள் மஸ்கட்டிலும் இருக்க, இரு வீட்டிற்கும் ஒரே பயணத்தில் போய்வரும் பெற்றோர் இவ்வேற்றுமையை மனத்தில் வைத்திருத்தல் நலம். ஒரு நகரில் கண்ட தளர்ச்சியை மறு நகரிலும் எதிர்பார்த்துவிடக் கூடாது.

பொது இடம் என்பதில் தெரு, பேருந்து, வாடகைக் கார், பூங்கா, கடற்கரை, கடைவீதி, அலுவலகம் எல்லாம் அடங்கும். சாலையில் நிற்கும் சொந்தக் காரும் அப்படியே கருதப்படும் என்று கொள்வதே பாதுகாப்பு. தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஒரு வாய் குடிப்பதும், வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொள்வதும் உண்பதேயாம். வெற்றிலை போடும் பாட்டிமாருக்கு இது சற்றுக் கடினமான செய்திதான். சின்னஞ்சிறு குழந்தைகளைச் சட்டமும் சமுதாயமும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் பேரனுக்கு பிஸ்கட் ஊட்டும் சாக்கில் பாட்டியும் ஒன்றைக் கடித்துக்கொள்ளலாகாது!

இனிச் சட்டம் கேளாததையும் சொல்லவேண்டும். இதை அறியாமையால் விளையும் துன்பமும் சிறிதன்று. நமக்குத் தெரிந்த தாயார் ஒருவர், அறுபத்தைந்து வயதினர், பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்பவர், மஸ்கட்டில் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தார். ‘வெளியே எதையும் சாப்பிட்டுவிடாதீர்கள், அம்மா’ என்று மகன் சொன்னதை, பகலில் எங்குமே உண்ணலாகாது என்று அவர் விளங்கிக்கொண்டார். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஊசியை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு, பட்டினியாய் இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் நண்பகலில் குப்பையைப் போட வெளியே வந்தவர் மாடிப்படியிலேயே தலைசுற்றி அமர்ந்துவிட்டார். எதிர்வீட்டில் காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவ்வீட்டு அம்மையார், தாம் நோன்பிருந்தவாறே, ஓடிவந்து சர்க்கரை கரைத்த தண்ணீரைப் புகட்டினார். செய்தியைக் கேட்டறிந்தபின், “எங்க உம்மாவுக்கும் சீனி வியாதி உண்டும்மா. அவங்க நோன்பு பிடிக்கிறதில்ல. அதுக்குப் பதிலா ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். எங்களுக்கே இல்லாத கட்டளைய உங்களுக்கு யாரு போட்டது?” என்று உரிமையோடு கடிந்துகொண்டாராம்.

அந்த அம்மையார் சொன்னது முற்றிலும் சரி. நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் நோன்பிலிருந்து விலக்களிப்பது திருக்குர்ஆனேயாகும். அதன் இரண்டாம் அத்தியாயத்திலேயே அது கூறப்பட்டுள்ளது. கருவுற்ற பெண்கள், பால் கொடுக்கும் தாய்மார், சிறுவர், தள்ளாத முதியோர் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. வேற்று மதத்தவர் நோன்பிருக்கவேண்டும் என்று எந்த நாடும் கேட்பதில்லை. வீட்டினுள் வேளைக்கு உண்ணலாம், மருந்து உட்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர் வெளியே செல்லும்போது கைப்பையில் சிறிது சர்க்கரை வைத்திருக்கட்டும். உடல் நடுங்கத் தொடங்கினால் அஞ்சாமல் ஒதுக்குப்புறமாகத் திரும்பி வாயில் இட்டுக்கொள்ளட்டும். அருகில் நிற்கும் நோன்பாளியே தண்ணீர் தேடி ஓடுவார். பெற்றோரை வரவழைக்கும் பிள்ளைகள் ‘இதைச் செய்யாதே’ என்பதோடு நின்றுவிடாமல், ‘இதைச் செய்யலாம்’ என்பதையும் முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிடுதல் கடமை.

மிலான் நகருக்கு வந்த தாய்

பிள்ளையைத் தேடி அயல்நாடு சென்ற தாயார், அங்குள்ள நோன்பைப் பற்றிக் குழம்பியது இது முதல் முறை அன்று. புனித மோனிக்கம்மாள் வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து, 385-ஆம் ஆண்டளவில், இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியராயிருந்த தம் மகன் அகுஸ்தீனிடம் வந்து சேர்ந்தார். சனிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பது ரோமையின் வழக்கம். மிலானிலோ சனிக்கிழமை எவரும் ஒருசந்தி இருக்கவில்லை. தாம் எதைக் கைக்கொள்வது? அம்மாவுக்குக் கலக்கம். மகனுக்கு அக்காலத்தில் இவற்றில் எல்லாம் அக்கறையே இல்லை. ஆயினும் தாயின் மன அமைதிக்காக ஆயர் அம்புரோசியாரிடம் சென்று கேட்டார். ஆயரின் மறுமொழி சுருக்கமானது: தாம் மிலானில் இருக்கும்போது சனிக்கிழமை ஒருசந்தி இருப்பதில்லை என்றும், ரோமையில் இருக்கும்போது இருப்பதாகவும் கூறி, எந்தத் திருச்சபைக்கு வந்தாலும் அங்குள்ள வழக்கத்தைக் கைக்கொண்டால் நாமும் பிறருக்கு இடறலாக மாட்டோம், பிறரும் நமக்கு இடறலாக மாட்டார் என்று பொருள்பட அறிவுரை பகர்ந்தார். பின்னாளில் அகுஸ்தீனார் இச்செய்தியைத் தம் கடிதம் ஒன்றில் எழுதிவைத்தார். அம்மா அந்த விடையை மறு பேச்சின்றி ஏற்றுக்கொண்டார் என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

அம்புரோசியார் பேசியது ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த இரு நகரங்களின் வழக்கத்தைப் பற்றி. நாம் பேசுவதோ வேறொரு மதத்தாரின் நோன்பைப் பற்றி. ஆகவே அவ்வறிவுரையை அப்படியே பெயர்த்து இங்கே நட்டுவிட இயலாது. நாம் ரமலான் நோன்பை மேற்கொள்வதில்லை. மேற்கொண்டதுபோல் நடிப்பதும் வேண்டுவதில்லை. நடிப்பை நம்மைக் காட்டிலும் விரைவில் அவர்களே கண்டுகொள்வார்கள். ஆனால் அந்த மறுமொழியின் பின்பாதி, அதாவது இடறலாகாமையும் இடறல் கொள்ளாமையும், இங்கும் முழுமையாகப் பொருந்துகிறது. இடறலாகாமை எளிது, சட்டமே பாதியைச் செய்துவிடுகிறது. இடறல் கொள்ளாமைதான் அரிது. பகலில் தேநீர்க்கடை மூடியிருக்கிறதே, அலுவலகம் பிற்பகலிலேயே அடைத்துவிட்டார்களே, நள்ளிரவு கடந்தும் தெருவில் ஆரவாரமாயிருக்கிறதே என்று முணுமுணுக்கும் நாக்கை அடக்குவது தண்ணீர்த் தாகத்தை அடக்குவதைவிடக் கடினம் போலும்.

யார் முன்னிலையில்?

நம்மவர் பலர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘அரபிகளின் நோன்பு’ என்று நாம் சொல்கிறோம். ஆனால் நாள் முழுவதும் நாம் எதிர்ப்படுவது வெள்ளை அங்கி அணிந்த அரபிகளை அன்று. நம்மை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் காரோட்டி பெஷாவர்க்காரராயிருப்பார். அடுக்குமாடி வாயிற்காவலர் வங்காளதேசத்தவர். கடையில் நம் பழங்களை நிறுத்துப் பையிலிட்டுத் தருபவர் மலப்புறத்து இளைஞர். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருந்ததை உண்டு, தண்ணீர் குடித்து, நோன்பு எண்ணம் கொண்டு வேலைக்கு வந்தவர்கள் இவர்கள். நாம் அவருடைய காரின் பின்னிருக்கையில் அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்தால், மணம் முதலில் எட்டுவது அவருடைய மூக்கைத்தான். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். புகார் செய்யவும் மாட்டார். நம் பிள்ளையைப் போலவே அவரும் பிழைக்க வந்தவர்.

மற்றொன்றும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ரமலான் மாதத்தில் தனியார் நிறுவன ஊழியரின் வேலை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் குறைக்கப்படுகிறது. நோன்பு நோற்பவருக்கு மட்டுமன்று, நோற்காதவருக்கும் அச்சலுகை உண்டு. உங்கள் மகன் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக வீடு திரும்பி உங்களோடு அமர்ந்து பேசுகிறான் என்றால், அந்த இரண்டு மணி நேரம் பிறர் நோன்பின் பொருட்டு அவனுக்குக் கிடைத்தது.

ஆயினும் ரமலான் வந்தால் எல்லாருக்கும் வேலை குறையும் என்று எண்ணிவிடலாகாது. நம் ஊர்களிலிருந்து வீட்டுவேலைக்குச் சென்ற பெண்கள் பலருக்கு அது ஆண்டிலேயே பாரமான மாதம். மாலை விருந்துக்குச் சமைத்து, இரவு முழுவதும் வந்துபோகும் உறவினருக்குப் பரிமாறி, சஹருக்கு மீண்டும் அடுப்பு மூட்டி, இரண்டு மூன்று மணி நேரமே கண்ணயர்வோர் உண்டு. அவர்களும் நம் பங்கின் பிள்ளைகளே. அந்நகரில் அப்படி ஒரு பெண் இருப்பது தெரிந்தால், ஊரிலிருந்து கொண்டுபோன பலகாரத்தில் ஒரு பங்கை அவளுக்கு எடுத்துவையுங்கள். விடுமுறை நாளில் வீட்டிற்கு அழைத்து ஒரு மணி நேரம் உறங்கவிடுங்கள்.

நாவடக்கம் வேண்டிய இடங்கள் இன்னும் உள. ‘தண்ணீர்கூடக் குடிக்கமாட்டீர்களா?’ என்னும் வினாவை அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் நூறு முறை கேட்டுச் சலித்திருப்பார்கள். ‘இன்று நீங்கள் நோன்பா?’ என்று பெண்களைக் கேட்பதை அறவே தவிர்க்கவேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பிருப்பதில்லை. விடுபட்ட நாட்களைப் பின்னர் நோற்று ஈடுசெய்வர். அறியாமல் கேட்கும் கேள்வி, ஆடவர் நடுவே ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்துவிடும்.

‘பகலில் பட்டினி, இரவில் விருந்து, இது என்ன நோன்பு?’ என்று ஏளனம் செய்வோரும் நம்மிடையே உளர். பெரிய ஓட்டல்களில் இரவு விருந்து ஆடம்பரமாக நடப்பது உண்மையே. அதைக் கண்டிப்பவர்களில் இஸ்லாமிய அறிஞர்களே முன்னிற்கின்றனர். ஆனால் ஓட்டல் விருந்தைக் கொண்டு நோன்பை அளப்பது, நட்சத்திர ஓட்டலின் கேக்கைக் கொண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை அளப்பது போலாகும். மேலும், தவக்கால வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கிவிட்டு, வஞ்சிர மீனை மூன்று வகையாகச் சமைத்து உண்ணும் வீடுகள் நம்மிடமும் உள்ளன அன்றோ?

உடை பற்றி இரண்டு சொற்கள் போதும். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சேலைக்கு மேல் ஒரு மெல்லிய சால்வை இருந்தால் எங்கும் நுழையலாம். நம் தாய்மார் வீட்டில் அணியும் நைட்டியோடு மின்தூக்கியில் இறங்கி வாயில் வரை போய்வரும் வழக்கத்தை மட்டும் விமானமேறுமுன் ஊரிலேயே விட்டுவிடுவது நல்லது. தொழுவோரையும் பெண்களையும் படம் பிடிக்கலாகாது.

அழைப்பு வந்தால்

நோன்பு திறக்க வருமாறு அண்டை வீட்டார் அழைப்பது மிக இயல்பு. நோன்பாளிக்கு உணவளிப்பது பெரும் புண்ணியம் என்பது அவர்கள் நம்பிக்கை. நோற்காத விருந்தினரையும் அந்தப் பந்தியில் சேர்த்துக்கொள்வார்கள். நம் ஊர்களில் பள்ளிவாசலிலிருந்து தூக்குப்பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி வாங்கிவந்து உண்ட நினைவு பலருக்கு இருக்கும். இளஞ்சூடாய், இஞ்சி பூண்டு மணத்தோடு, வெந்தயம் மிதக்கும் அந்தக் கஞ்சியைக் கொடுத்தவர்கள் நம் மதத்தை ஒருநாளும் கேட்டதில்லை. வளைகுடாவிலும் அப்படியே. அபுதாபியில் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலில் ரமலான் முழுவதும் நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு இஃப்தார் உணவு வழங்கப்படுகிறது. உண்போரில் பெரும்பாலோர் உடலுழைப்புத் தொழிலாளர்.

அழைப்பை ஏற்றால், கதிரவன் மறைவதற்குக் கால்மணி நேரம் முன்பே சென்றுவிடுங்கள். பின்னால் வந்து சேர்வது, திருப்பலியில் நற்கருணை நேரத்தில் நுழைவது போன்றது. ஆனால் புறப்படும் நேரத்தில் எச்சரிக்கை வேண்டும். நோன்பு திறக்குமுன் உள்ள ஒரு மணி நேரத்தில் எல்லாரும் வீட்டை நோக்கி விரைவதால் சாலைகள் நெருக்கடியாகின்றன. பசியிலும் சோர்விலும் வண்டியோட்டுவோர் பலர். அதனாலேயே அமீரகத்தில் சாலைச் சந்திப்புகளில் தொண்டர்கள் நின்று பேரீச்சம்பழமும் தண்ணீரும் அடங்கிய பொட்டலங்களைக் கார்களுக்குள் நீட்டுகின்றனர். உங்களிடம் நீட்டினாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையோடு கொண்டுசெல்லப் பேரீச்சம்பழமோ, பழங்களோ, வீட்டில் செய்த முறுக்கோ பொருத்தமானவை. மது கலந்த கேக்கும் மிட்டாயும் கூடவே கூடா. உணவு எதிரே பரப்பப்பட்டிருக்கும். எல்லாரும் அமைதியாகக் காத்திருப்பர். பாங்கொலி கேட்டபின்னரே கை நீளும். துபாயில் அந்நேரத்தில் காவல்துறையினர் பீரங்கி முழக்குவதும் உண்டு. உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் சற்றுப் பிந்தி மறைவதால், புர்ஜ் கலீஃபா கோபுரத்தில் 80-ஆம் மாடிக்கு மேல் வசிப்பவர் இரண்டு நிமிடமும், 150-ஆம் மாடிக்கு மேல் உள்ளவர் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்கவேண்டும் என்று 2011-இல் அந்நகரின் தலைமை முஃப்தி அறிவித்தார். ஒரு மிடறு தண்ணீருக்காக நாள் முழுவதும் காத்திருந்தவர்கள், இன்னும் மூன்று நிமிடத்தையும் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள்!

முதலில் பேரீச்சம்பழமும் தண்ணீரும். பிறகு பலர் எழுந்து மாலைத் தொழுகைக்குச் செல்வர். அவர்கள் திரும்பும்வரை நீங்கள் பேசாமல் அமர்ந்திருக்கலாம். அவர்கள் தொழும் பாயின் முன்னே குறுக்கிட்டு நடக்கவேண்டாம். அதன்பின்னரே பெரும் உணவு. கோதுமையையும் இறைச்சியையும் ஒன்றாகக் குழைத்த ஹரீஸ், ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்த தரீது, தேன்பாகு ஊற்றிய லுகைமாத் என்னும் உருண்டைகள் ஆகியவை வரும். விம்டோ என்னும் செந்நிறப் பழச்சாறும் வரக்கூடும். 1908-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்த அந்தப் பானம் எப்படியோ அரபு நாட்டு நோன்புப் பந்தியில் நிலையான இடம் பிடித்துவிட்டது. வலக்கையால் உண்ணுங்கள். உண்ணுமுன் சிலுவை அடையாளம் வரைவதா என்று சிலர் கேட்பதுண்டு. வரையுங்கள், வழக்கம்போல் அமைதியாக, எவர் கவனத்தையும் இழுக்காமல். கடவுளை வணங்கி உண்பவரைக் கண்டு முகம் சுளிக்கும் இஸ்லாமிய வீடு அரிது. அந்நிய ஆடவரும் பெண்டிரும் கைகுலுக்கும் வழக்கம் பல வீடுகளில் இல்லையாதலால், அவர்கள் கை நீட்டினாலன்றி நாம் நீட்டாமல் நெஞ்சில் கை வைத்து வணங்கலாம். ‘ரமலான் கரீம்’ என்று சொன்னால் முகம் மலரும்.

மாத நடுவில், பதினான்காம் அல்லது பதினைந்தாம் இரவில், ஓமானிலும் கத்தாரிலும் குவைத்திலும் சிறுவர் சிறுமியர் புத்தாடை உடுத்திப் பாடிக்கொண்டு வீடுவீடாக வருவர். ஓமானில் இதற்குக் கரங்கஷோ என்று பெயர். நம் பாடகர் குழு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் தெருத்தெருவாகச் செல்வதை நினைவூட்டும் காட்சி. அன்றிரவு கதவருகே ஒரு தட்டில் நிலக்கடலையும் மிட்டாயும் வைத்திருக்கும் பாட்டிக்கு, மொழியே தெரியாவிட்டாலும், அவ்வீதிப் பிள்ளைகள் எல்லாரும் பேரப்பிள்ளைகள் ஆகிவிடுவர்.

கடைசிப் பத்து இரவுகள் அவர்களுக்கு மிகப் புனிதமானவை. அவற்றுள் ஒன்றே லைலத்துல் கத்ர் என்னும் மாண்புமிகு இரவு. நள்ளிரவு கடந்தும் தொழுகை நீளும். அந்நாட்களில் பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் கார் நிறுத்த இடம் தேடுவது வீண். சஹர் உண்டு, வைகறைத் தொழுகை முடித்து, காலையில் சிறிது உறங்கும் அண்டை வீட்டாருக்காக நம் வீட்டு வானொலியையும் கைபேசியையும் தாழ்த்தி வைக்கலாம். பிறை கண்டதும் பெருநாள். ஏழைகளுக்குரிய பித்ரா தருமத்தைக் கொடுத்த பின்னரே பெருநாள் தொழுகைக்குச் செல்வர்.

நம் ஆலயங்களைப் பற்றியும் ஒரு சொல். துபாய் புனித மரியன்னை ஆலயம் எழுந்தது 1960-களில் அந்நகர ஆட்சியாளர் ஷேக் ராஷித் அளித்த நிலத்தில். ஆலய வளாகத்தினுள் நாம் உரிமையோடு வழிபடுகிறோம். ஊர்வலங்கள் வளாகச் சுவருக்குள்ளேயே நடைபெறுகின்றன. ரமலான் பகலில் திருப்பலி முடிந்து வெளியேறும்போது கையில் சிற்றுண்டிப் பொட்டலத்தோடு வாயிலைக் கடப்பது, நிலம் கொடுத்தவர் வீட்டு வாசலில் நின்று உண்பதற்கு ஒப்பாகும். சவூதி அரேபியா 2019 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கும் நுழைவு அனுமதி வழங்குகிறது. அங்கு ஆலயங்கள் இல்லை என்பதையும் மக்கா நகருக்குள் நாம் செல்ல இயலாது என்பதையும் அறிந்தே புறப்படவேண்டும்.

பயணச்சீட்டு எடுக்குமுன் நாட்காட்டியைப் பாருங்கள். ரமலானின் முதல் நாள் பிறையைப் பொறுத்து நாட்டுக்கு நாடு ஒரு நாள் மாறலாம். 2025-இல் ரமலான் மார்ச்சு 1-இலும் சாம்பல் புதன் மார்ச்சு 5-இலும் வந்தன. 2026-இல் பிப்ரவரி 18 சாம்பல் புதன், ரமலானும் அதையொட்டியே. 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ரமலான் பிப்ரவரி 8-ஆம் நாளை ஒட்டித் தொடங்கும் என்பது கணிப்பு. 2028-இல் தவக்காலம் தொடங்குமுன்னரே ரமலான் முடிந்துவிடும். அவ்வாண்டுகளில் அங்கிருக்கும் பெற்றோரிடம் எதிர்வீட்டு அம்மையார், ‘உங்களுக்கும் இது நோன்புக் காலம்தானே? நீங்கள் எப்படி நோற்பீர்கள்?’ என்று ஆவலோடு கேட்பார். விடையை ஊரிலேயே யோசித்து வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.